எட்டு மஞ்சள் வேட்டிகள்

மாரிகுப்பம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்குள் ஒரு மஞ்சள் புள்ளி எழுந்து நிற்கும். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபோதும் நின்றது. நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் காய்ச்சலில் கிடந்தபோதும் நின்றது. எந்த ஊரிலும் வேர் பிடிக்காத என் கால்களைப் பார்த்து அலுத்துப்போன மனைவி, "எங்கதான் போய்ச் சேரணும் உங்களுக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரு பெண். முகத்தில் மஞ்சள், கழுத்தில் மஞ்சள், உடம்பில் மஞ்சள் நனைத்த புடவை. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், தங்கச் சுரங்கத்து இரும்புக் கேட்டுக்கு எதிரே, கையில் சோற்றுத் தூக்குடன் நிற்கிறாள்.

அவள் என் பக்கத்து வீட்டு அக்கா. தகரக் கூரையும் மூங்கில் தட்டியுமாக வரிசை வரிசையாக நின்ற எங்கள் குடியிருப்பை லைன் என்போம். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே தட்டி. அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். அவள் புருஷனும் நானும் ஒரே ஷிப்ட்டில் இறங்குகிறவர்கள். அவர் பாறையில் துளை போடுவார். துளை போட்டு வெடித்த இடம் தலைமேல் சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற கூட்டத்தில் நான் ஒருவன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். தங்க வயலுக்கு மின்சாரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேலே எல்லாம் வெளிச்சம். கீழே எங்களுக்கு மெழுகுவத்திதான்.

ஒருநாள் ஷிப்ட் முடிகிற வேளையில் பூமி தோளைக் குலுக்கியது. அங்கே அது புதிதில்லை. உள்ளே எங்கோ பாறை வெடித்துச் சரியும், மேலே வீடுகளில் பாத்திரம் கிணுகிணுக்கும், பெண்கள் அடுப்பை எரிய விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடிவருவார்கள். அன்றும் வந்தார்கள். ஆட்களைத் தூக்கிவரும் கூண்டு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. தன் ஆள் முகத்தைக் கண்டதும் ஒவ்வொருத்தியாகத் திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினாள். பயந்தவர்கள் அப்படித்தான் திட்டுவார்கள். கடைசியில் அக்கா மட்டும் நின்றாள்.

சில நாள் தேடுவது போலத் தேடினார்கள். பிறகு சரிந்த லெவலின், பாறைக்குள் குடைந்த அந்த வழியின், வாயைக் கல்லும் கட்டையும் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆபீஸ் ரைட்டர் லைனுக்கு வந்தார். எல்லாரும் வெளியேறிய பிறகுதான் பாறை விழுந்தது, உள்ளே ஒருத்தரும் இல்லை என்றார்.

"அப்ப எங்க அண்ணன் எங்க?" என்றான் அக்காவின் கொழுந்தன். அவனும் சுரங்கத்து ஆள்தான், டிராலி தள்ளுகிறவன். கதவு உயரத்துக்குக் கதவு அகலத்தில் இருப்பான்.

ரைட்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பழைய சாஃப்ட் குழி வழியா ஏறி ஓடிட்டான். சும்மா ஓடல. மடியில தங்கக்கல்லு."

கொழுந்தன் ஓர் எட்டு முன்னே வைத்தான். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஓடிட்டார்னா, உசிரோட கீறாரு. அப்படித்தானே அய்யா?"

"ஆமாம்மா. ஓடறவன் உசிரோடதானே ஓடுவான்."

"அப்ப சரி" என்றாள்.

அந்த 'சரி'க்கு என்ன பொருள் என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. கொம்பு மஞ்சளைக் கல்லில் இழைக்கிற சத்தம் தட்டி வழியே கேட்டது. வழக்கமாக எந்தப் பெண்ணும் பூசுகிற அளவுக்கு இல்லை, கல்யாணப் பெண்ணுக்குப் பூசுகிற அளவுக்கு. நெற்றியில் காசளவு குங்குமம். வெளுத்த புடவை ஒன்றை மஞ்சளில் முக்கி எடுத்துக் கட்டிக்கொண்டாள். குழாயடியில் பேச்சு நின்றுபோனது. லைனிலேயே நாக்கு நீளமான கிழவி ஒருத்தி இருந்தாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னாடி இது? புருஷன் மண்ணுக்குள்ள கெடக்கறான், நீ பொண்ணழைப்புக்குப் போறவ மாதிரி வர்ற?"

"மண்ணுக்குள்ளன்னு நீ சொல்ற. கம்பெனி ஓடிட்டாருன்னு சொல்லுது. நீ இன்னா, கம்பெனிய விடப் பெரியவளா?"

கிழவி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் பாதி வழியில் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து தினமும் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு அவள் கேட்டுக்கு எதிரே நின்றாள். கூச்சல் இல்லை, சாபம் இல்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. காவல்காரன் விரட்டினால், "எங்க வூட்டுக்காரர் வர்ற நேரம். சோறு கொண்டாந்திருக்கேன்" என்பாள். அதற்கு அவன் என்ன சொல்ல முடியும்? அந்த ஆள் செத்துவிட்டான் என்று சொன்னால் கம்பெனி பொய் சொல்கிறது என்றாகும். சொல்லாவிட்டால் அவள் நிற்கலாம். மஞ்சள் பூசிய சுமங்கலி புருஷனுக்குச் சோறு கொண்டுவருவதை எந்தச் சட்டத்தில் குற்றம் என்பது? துரைகள் குதிரை வண்டியில் போகும்போது அந்த மஞ்சளைப் பார்த்தார்கள். ஏதோ திருவிழா என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் கூண்டிலிருந்து கரியும் சேறுமாக வெளியே வந்து அந்த மஞ்சளைப் பார்த்தோம். ஒவ்வொரு நாளும் எங்கள் முதுகுத்தண்டில் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. எனக்கு ஓரளவு எழுதப் படிக்கத் தெரியும். ஆண்டர்சன்பேட்டை மிஷன் பள்ளியில் படித்தவன். அத்தனை எழுத்துகளை வைத்துக்கொண்டு என்னால் ஒரு வரி எழுத முடியாததை, அவள் ஒரு கொம்பு மஞ்சளை வைத்துக்கொண்டு தினமும் எழுதிக்கொண்டிருந்தாள்.

சோறு திரும்பி வந்து கொழுந்தனின் தட்டில் விழும். அவன் பிசைந்துகொண்டே இருப்பான்.

"அண்ணனுக்கு வெச்ச சோறு அண்ணி. தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"எறங்கும். நல்லா மென்னு துன்னு. உனக்கு ஒடம்பு வேணும்."

எதற்கு வேண்டும் என்று அப்போது அவளுக்கும் தெரிந்திருக்காது.

பனி விழுகிற மாசத்தில் துரைமார் மைதானத்தில் வருஷா வருஷம் விளையாட்டு நடக்கும். ஓட்டம், குதிரைப் பந்தயம், கடைசியில் கயிறிழுப்பு. கயிறிழுப்பு மட்டும் நாடு வாரியாக. இங்கிலீஷ்காரர்களுக்குச் சிவப்புக் கச்சை, இத்தாலிக்காரர்களுக்குப் பச்சைக் கச்சை, இரண்டு பக்கமும் அவரவர் கொடி. எங்களுக்கு அங்கே புல் வெட்டுகிற வேலை, சுண்ணாம்பால் கோடு போடுகிற வேலை, குதிரையைப் பிடித்துக்கொள்கிற வேலை. வேலை இல்லாதவர்கள் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று கை தட்டலாம். அந்த வருஷம் லண்டனிலிருந்து கம்பெனியின் பெரிய முதலாளி வந்திருந்தார். கூலிகளும் இழுத்தால் வேடிக்கையாக இருக்குமே என்றாராம். அப்படித்தான் எங்களுக்கு ஒரு நாடு கிடைத்தது, ஒரு கயிற்றின் நுனியில்.

ரைட்டர் லைனுக்கு வந்து, என் வீட்டு வாசலில் வைத்து எட்டுப் பேரைப் பொறுக்கினார். கொழுந்தன் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மரம் போல நிற்க வேண்டியவன். நான் மூன்றாவது.

"எல்லாரும் ஒரே கலர்ல வரணும், அதான் ரூலு. இன்னா கலர்னு இப்பவே சொல்லுங்க, நான் போய்ச் சொல்லணும்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களிடம் இருந்தது அழுக்கு நிறம் ஒன்றுதான். அப்போது தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மஞ்சள்னு சொல்லுங்க. நான் நனைச்சுத் தரேன்."

ரைட்டர் முகம் மலர்ந்தது. "பலே! தங்க வயலுக்குத் தங்கக் கலர். தொரைக்கு ரொம்பப் பிடிக்கும்." நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நின்றார். குரல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது போலும். திரும்பி எங்களைப் பார்த்தார், பிறகு அந்த நிறத்தையே சொல்லப் போனார். அவரும் வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்தான்.

எட்டு வேட்டி, எட்டுத் தலைப்பாகை. பொங்கல் அண்டாவில் மஞ்சள் தண்ணீர் கொதித்தது. லைன் முழுக்க அந்த வாசனை. கிழவிகூட ஒரு பிடி மஞ்சள் கொண்டுவந்து, "எங்க வூட்ல இது சும்மா கெடந்துச்சு" என்று யாரையும் பார்க்காமல் அண்டாவில் போட்டுவிட்டுப் போனாள். காய்ந்த வேட்டியை முதலில் எடுத்துக் கட்டிப் பார்த்தவன் கொழுந்தன். வெற்றிலை போட்டுவிட்டு விரலில் இருந்த சுண்ணாம்பை, பழக்கதோஷம், தொடையில் துடைத்துவிட்டான். துடைத்த இடத்தில் ரத்தம் போல ஒரு கட்டைவிரல் பதிந்தது.

"இன்னா கொழுந்தனாரே! மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும்னு கொழந்தைக்கும் தெரியுமே. மலை மாதிரி வளந்தா போதுமா?"

"போனாப் போவுது அண்ணி, திருஷ்டிப் பொட்டு."

"எட்டுப் பேருக்கும் சொல்லிட்டேன். ஒருத்தரும் அன்னிக்கு வெத்தலை பக்கம் போகக்கூடாது. சுத்தமான மஞ்சள் தெரியணும் அவங்களுக்கு."

அவ்வளவுதான் அவள் கேட்டது. துரைகளின் கொடிகளுக்கு நடுவே அந்த மஞ்சள் தெரிய வேண்டும். திருடிக்கொண்டு ஓடியவன் என்று சொல்லப்பட்டவன் உள்ளே கிடக்கிறான், அவனை எடுத்துக் கொடுங்கள் என்று அந்த மஞ்சள் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் எட்டுப் பேருக்கும் மறுநாள் வேலை இருக்காது, வீடும் இருக்காது.

விளையாட்டு நாள் வந்தது. வெயிலுக்குத் துணிக் கூடாரம், அதற்குள் நாற்காலிகள், தொப்பி வைத்த துரைசானிகள், பாண்டு வாத்தியம். நாங்கள் எட்டுப் பேரும் மஞ்சள் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, மஞ்சள் தலைப்பாகையோடு வரிசையாக நடந்து உள்ளே போனோம். கூடாரத்தில் ரசித்துக் கை தட்டினார்கள். அழகாக இருந்திருக்கும். வேலிக் கயிற்றுக்கு வெளியே பார்த்தேன். லைன் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அத்தனை முகமும் மஞ்சள். தேவாலயத்துக்குப் போகிற பெண்கள் மஞ்சள் பூசமாட்டார்கள், அவர்கள் கொண்டையில் மஞ்சள் சாமந்தி. முன்வரிசையில் அக்கா, சோற்றுத் தூக்கோடு. அவளுக்குப் பக்கத்தில் அந்தக் கிழவி. யாரும் கை தட்டவில்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை. எங்கள் ஜனங்கள் கூடிய இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பாண்டுக்காரர்களே தாளம் தடுமாறி நிறுத்திக்கொண்டார்கள்.

எங்களுக்கு எதிரே இத்தாலிக்காரர்கள். அவர்களும் கீழே இறங்குகிறவர்கள்தான், எங்களோடு சேர்ந்து தூசி தின்றவர்கள். முன்னே நின்றவர் எங்கள் ஷிப்ட் மேஸ்திரி. வாயை மூடுகிற அளவுக்கு மீசை. எங்களைப் பார்த்தார், எங்கள் வேட்டியைப் பார்த்தார், பிறகு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். மைதானத்துக்குக் கோடு போடுகிறவர்களும் லைன் ஆட்கள்தானே. நம்ம பசங்க முதல் முதலாக இழுக்கிறார்கள் என்கிற பெருமையில், வழக்கமாகத் தூவுகிற சுண்ணாம்பைப் போல நாலு மடங்கு கொட்டி, பளிச்சென்று தெரியட்டும் என்று தண்ணீரும் தெளித்துப் பூசியிருந்தார்கள். நடுக்கோடும் பக்கக் கோடுகளும் ஒரு முழ அகலம், கோலம் போல ஈரம் மின்னியது. வெற்றிலையை நினைத்த எங்களில் ஒருவருக்கும் இது நினைவுக்கு வரவில்லை.

துப்பாக்கி வெடித்தது. கயிறு விறைத்தது. அந்தக் கயிற்றைப் பற்றி நான் என்ன சொல்ல? அதற்குள் ஒரு நரம்பு ஓடியது. அந்தப் பக்கத்து மூச்சு இந்தப் பக்கத்துக்குக் கேட்டது. அவர்களுக்குப் பூட்ஸ், எங்களுக்கு வெறுங்கால். குதிகாலைப் பூமியில் புதைத்தோம், பூமி வழுக்கியது. எனக்குப் பின்னால் கொழுந்தன் பல்லைக் கடிக்கிற சத்தம். வெகுநேரம் எதுவும் அசையவில்லை. பிறகு ஒரு விரற்கடை போயிற்று, அப்புறம் ஒரு அடி, அப்புறம் நாங்கள் மல்லாந்தோம். எட்டுப் பேரையும் அந்த ஈரச் சுண்ணாம்பின் மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவனும் கயிற்றை விடவில்லை.

எழுந்து நின்றோம். கூடாரத்தில் ஒரு துரைசானி வீறிட்டாள்.

தொடையில், முழங்காலில், முதுகில், தலைப்பாகையில், எங்கும் சிவப்பு. மஞ்சளும் சுண்ணாம்பும் வியர்வையும் கலந்து, எட்டுப் பேரும் ரத்தத்தில் தோய்ந்து நின்றோம். டாக்டர் துரை பையோடு ஓடிவந்தார். கொழுந்தனின் வேட்டியை விலக்கிப் பார்த்தார், கீறல்கூட இல்லை. விரலால் தொட்டு முகர்ந்தார். லண்டன் முதலாளியும் இறங்கி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் எங்கள் சுரங்கத்துப் பெரிய துரை. ரைட்டரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார்கள். ரைட்டர் மஞ்சள் என்றார், சுண்ணாம்பு என்றார். முதலாளி சிரித்தார். சிரித்துவிட்டு இன்னொன்று கேட்டார். ஏன் மஞ்சள்? அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது.

ரைட்டருக்கு அந்த இடத்தில் நூறு பதில் இருந்தது. பண்டிகை என்றிருக்கலாம். தங்கத்தின் நிறம் என்றிருக்கலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தன் சிவந்த கையை மெல்லத் தூக்கி, கயிற்றுக்கு வெளியே அண்ணி நிற்கும் திசையில் நீட்டினான். முதலாளி அந்தப் பக்கம் திரும்பினார். அதுவரை கூட்டமாகத் தெரிந்ததை முதன்முதலாக ஒரு நிறமாகப் பார்த்தார். அத்தனை மஞ்சள் முகங்களும் அவரைத் திரும்பப் பார்த்தன.

மீசை மேஸ்திரி அப்போதுதான் நடந்து வந்தார். தன் பச்சைக் கச்சையை அவிழ்த்துப் புல்லில் போட்டார். கீழே கிடந்த என் தலைப்பாகையை எடுத்து, ஒரு கீற்றுக் கிழித்து, தன் புஜத்தில் கட்டிக்கொண்டார். பிறகு எங்களோடு வேலை செய்து கற்ற உடைந்த தமிழில், அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"ஓடலை. அவன் ஓடலை. நான் அனுப்பினது. உளி மறந்தது, எடுக்க அனுப்பினது. அவன் உள்ளே."

அதையே முதலாளியிடம் இங்கிலீஷில் சொன்னார். பாறை விழுந்த அன்றே ஆபீஸில் சொல்லியிருக்கிறார், வாயை மூடிக்கொண்டிரு என்றிருக்கிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. பெரிய துரையின் முகம் எங்கள் வேட்டி நிறத்துக்கு வந்தது. மற்ற ஏழு இத்தாலிக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து என் தலைப்பாகையில் ஆளுக்கொரு கீற்று வாங்கிக்கொண்டார்கள். கடைசி இழுப்பில் இங்கிலீஷ்காரர்களுக்கு எதிரே அந்த மஞ்சளோடுதான் நின்றார்கள். யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அன்றே யாருக்கும் நினைவிருந்திருக்காது.

லெவலைத் திறந்தார்கள். முதலாளி ஊரில் இருக்கும்போது திறக்காமல் முடியாது. கல் அகற்ற அகற்ற மரம் முட்டுக்கொடுத்துக்கொண்டே போனது எங்கள் கூட்டம். கொழுந்தன் கல் சுமந்தான். அண்ணனுக்கு வைத்த சோறு எதற்கு ஆனது என்று அப்போது தெரிந்தது, மூன்று ஆள் வேலையை ஒருத்தனாகச் செய்தான். அண்ணனைக் கண்டது அவன்தான். மடியில் தங்கம் இல்லை. மார்போடு அணைத்தபடி, சாக்கில் சுற்றிய உளிகள்.

ஷிப்ட் முடிகிற நேரத்தில், வெயில் இருக்கும்போதே, கூண்டில் அவரை மேலே கொண்டுவந்தோம். அக்கா கேட்டுக்கு எதிரே நின்றிருந்தாள், வழக்கமான இடத்தில். துணி சுற்றிய உடம்பை இறக்கினோம். பெண்கள் ஓலமிட வாய் திறந்தார்கள். அவள் கையை உயர்த்தினாள்.

"இருங்க. ஷிப்ட் முடிஞ்சி வந்துட்டாரு. மொதல்ல ஆலம் கரைங்க."

யாரும் அசையவில்லை. பிரயாணம் போய்த் திரும்பியவர்களுக்கு, மணமக்களுக்குச் சுற்றுவது ஆலம். பிணத்துக்கு எவர் சுற்றினார்கள்? கிழவிதான் நகர்ந்தாள். எங்கிருந்தோ ஒரு தாம்பாளம் வந்தது, தண்ணீர் வந்தது. அக்கா தன் கன்னத்து மஞ்சளை வழித்து அதில் கரைத்தாள். கிழவி தன் வெற்றிலைச் சுருக்குப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் சிவந்தது. "திருடிட்டு ஓடினாராம்" என்று சொல்லிக்கொண்டே அக்கா மூன்று சுற்றுச் சுற்றினாள். சுற்றிய தண்ணீரைக் கம்பெனியின் கேட் முன்னால், காவல்காரன் காலடியில் கொட்டினாள். அவன் நகர்ந்து இடம் விட்டான். அதற்குப் பிறகுதான் தூக்கைக் கீழே வைத்தாள், உட்கார்ந்தாள், அழுதாள்.

மேஸ்திரியைச் சீக்கிரமே அவர் ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கொழுந்தனுக்கும் எனக்கும் வேலை இல்லை என்றார்கள். அவன் பங்காருபேட்டை ரயிலடிக்குச் சுமை தூக்கப் போனான். நான் இந்த அலைச்சலுக்குப் புறப்பட்டேன். வருத்தம் என்று ஏதும் இல்லை. கயிற்றை விடாத எட்டுப் பேரில் ஒருவனாக இருந்தேன், எனக்கு அது போதும்.

புறப்படுகிற நாளன்று காலையில் நான் குடத்தோடு போனபோது குழாயடியில் ஒரு பெண் தன் குடத்தோடு நின்றாள். எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் இல்லாத அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கழுவிய கருங்கல் போல, அவளுடைய சொந்த நிறம். கிழவி தன் குடத்தை ஒதுக்கி அவளுக்கு முன்னிடம் விட்டாள்.

"இன்னா தம்பி அப்படிப் பாக்குற?" என்றாள் அக்கா. "குடத்த இப்படிக் குடு. தண்ணி நின்னுடப் போவுது, அப்புறம் ரயிலுக்கு மூஞ்சி கழுவாமதான் போவணும்."